அம்மனுக்கு நான் கட்டிய போர்க்கப்பல்

யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. சிலருக்குப் பாட வராது, சிலருக்குச் சைக்கிள் ஓட்ட வராது. எனக்கு இது. பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். "தங்கச்சி, இந்த ஃபோர்ம்ல மூணாவது கட்டத்துல என்னா எழுதுறது?" என்பார்கள். "டுபாய்ல இப்ப மணி என்னா?" என்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்வேன். (மருந்துச் சீட்டை மட்டும் பார்மசிக்கு அனுப்பிவிடுவேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.) இதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு 'எல்லாம் தெரிஞ்ச ஜெயந்தி' என்று பெயர். அதை அவர்கள் கேலியாகச் சொன்னார்களா, மரியாதையாகச் சொன்னார்களா என்று நான் விசாரித்ததில்லை.

இப்படிப்பட்ட நான், முப்பத்தோராவது வயதில், வாழ்க்கையில் ஒரு கப்பலைக்கூடக் கிட்டத்தில் பார்க்காமல், ஒரு கப்பல் கட்டினேன்.

காரணம் சரசு அத்தை. என் அப்பாவின் தங்கை. கொழுந்து பறிக்கிறார். அவருக்கு ஒரே மகன், தினேஷ். ஹோட்டல் வேலைக்குப் படித்துவிட்டு, பயணிகள் கப்பல் ஒன்றில் சமையலறை வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். மாதக்கணக்கில் பதிலே இல்லை. பொறுத்துப் பார்த்த அத்தை ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, என் மகனுக்குக் கப்பல் வேலை கெடைச்சா, ஒன் சன்னதிக்கு ஒரு கப்பல் கொண்டாந்து வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். இரண்டு மாதத்தில் வேலைக் கடிதம் வந்துவிட்டது.

அப்புறம்தான் சிக்கல். கண் நோய்க்குக் கண்மலர் விற்கிறார்கள். பிள்ளை வரத்துக்குத் தொட்டில் விற்கிறார்கள். கப்பல் யாரும் விற்பதில்லை. அத்தை நேராக என் கடைக்கு வந்தார்.

"ஜெயந்தி, கப்பல் எங்கடி வாங்குறது?"

"வாங்குறது எதுக்கு அத்தே? நானே செஞ்சு தர்றேன்."

"ஒனக்குக் கப்பல் செய்யத் தெரியுமா?"

"தெரியும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு காரணமும் அகப்படவில்லை. அதுவரை நான் பார்த்த ஒரே கப்பல், அடையாள அட்டை விஷயமாகக் கொழும்புக்குப் போனபோது காலிமுகத்திடல் கடற்கரையில் நின்று பார்த்த ஒரு கறுப்புப் புள்ளி. (அது கப்பல்தானா என்பதில் இன்னும் சந்தேகம் உண்டு.)

அத்தை போனதும் ஃபோனைத் திறந்து தேடினேன். கொழும்பில் ஒரு கடை அழகழகான கப்பல் பொம்மைகளைப் படம் போட்டிருந்தது. ஒன்றுக்குக் கீழே '1/700' என்று இருந்தது. எழுநூறு கப்பல் கொண்டுவந்து அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பதை விற்றுவிட்டார்கள், இனி ஒன்றுதான் மிச்சம் என்று புரிந்துகொண்டேன். அடித்துப் பிடித்து ஓடர் போட்டேன். பொம்மையை வாங்கி, நானே செய்தேன் என்று கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

பெட்டி வந்தது. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். திறந்தேன். உள்ளே கப்பல் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாக ஏதேதோ ஒட்டிக்கொண்டிருந்தன. உடனே கொழும்புக் கடைக்கு ஃபோன் போட்டேன்.

"நீங்க அனுப்பின கப்பல் வழியிலேயே நொறுங்கிப்போயிருக்கு."

"எத்தன துண்டா இருக்கு மிஸ்?" என்றார் எதிர்முனையில் பேசியவர். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"எண்ண முடியாது. நூத்தம்பது இருக்கும்."

"அப்ப சரியாத்தான் இருக்கு மிஸ். நீங்கதான் அத ஒட்டிக் கட்டணும்."

"தெரியும். சும்மாதான் கேட்டேன்" என்று ஃபோனை வைத்தேன்.

பெட்டிக்குள் ஒரு பெரிய தாள் மடித்து வைத்திருந்தது. நிறையப் படம், நிறைய அம்புக்குறி, எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. ஃபோன் கெமராவைக் காட்டினால் எந்த மொழியையும் தமிழாக்கித் தரும் ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதை நம்பினேன். அது தந்த தமிழை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். 'பாலத்தை முதலில் உலர விடுங்கள்.' 'பீப்பாய்களை மூன்று மூன்றாக முன்னோக்கி வைக்கவும்.' 'கொக்கை பின்புறத்தில் ஒட்டவும், கொக்கு சுழலலாம்.'

கப்பலில் எதற்குப் பாலம்? துறைமுகத்தில் இறங்குவதற்காக இருக்கும். பீப்பாய்? கடல் தண்ணீரைக் குடிக்க முடியாதே, நல்ல தண்ணீர் கொண்டுபோக இருக்கும். கொக்குதான் கொஞ்சம் குழப்பியது. அரை நாள் சட்டம் சட்டமாகக் கொக்கைத் தேடினேன். கடைசியில் நீளமான மூக்கோடு ஒரு துண்டு அகப்பட்டது. தலை இருந்தது, கால் இல்லை. ஜப்பான்காரர்களின் கொக்கு இப்படித்தான் போலிருக்கிறது என்று பின்னால் ஒட்டினேன்.

மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. மூன்று வாரம் அந்த நேரமெல்லாம் கப்பல் வேலைதான். துண்டுகளை நகவெட்டியால் வெட்டி எடுத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து, சுப்பர் குளூவால் ஒட்டினேன். சில துண்டுகள் கடுகைவிடச் சிறியவை. நாற்பத்தேழாம் இலக்கத் துண்டு ஃபேன் காற்றில் பறந்துவிட்டது. நான் முட்டி போட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, லெமினேட் பண்ண வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா தொலைச்சிட்டீங்க?"

"கப்பல்ல ஒரு பாகங்க."

அவரும் முட்டி போட்டுத் தேடினார். ரொம்ப நேரம் கழித்து விரல் நுனியில் எதையோ தூக்கிக் காட்டி, "இதுங்களா பாருங்க" என்றார். அது கப்பல் பாகம்தானா, அல்லது யாரோ கொறித்த பிஸ்கட் துண்டா என்று எனக்குத் தெரியவில்லை. "இதேதான்" என்று வாங்கி ஒட்டிவிட்டேன்.

உச்சக்கட்டம் இனிமேல்தான். கப்பலின் அடிப்பாகத்துக்குள் ஒட்ட வேண்டும் என்று ஒரு இரும்புப் பட்டை இருந்தது. அது எதற்கென்று தாளில் இல்லை. அல்லது இருந்ததைக் கெமரா 'மனதை நிலையாக வைத்திருங்கள்' என்று மொழிபெயர்த்துவிட்டது. மனதை நிலையாக வைத்துக்கொண்டு இரும்பை உள்ளே வைத்து, தாராளமாகப் பசை ஊற்றி, அடித்தட்டை மூடி அழுத்தினேன். கையை எடுத்தால் கப்பலும் கூடவே வந்தது. இடது உள்ளங்கையில் இறுக ஒட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தோடு வந்தார். கப்பலாலேயே தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் நிரப்பினேன். அவர் கப்பலைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"பிரதேச செயலகத்துல இப்ப இதையும் கேக்குறாங்களாம்மா?" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு, கையில் கப்பலோடு பக்கத்து ஹாட்வெயார் கடைக்கு ஓடினேன். முதலாளி நிமல் அய்யா. (சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.) தின்னரைத் துணியில் நனைத்துப் பொறுமையாகக் கையை விடுவித்தார். பிறகு கப்பலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மச்சான் கடற்படையில் இருந்தவர்.

"நங்கி, மேக யுத்த நெவக் நே" என்றார். தங்கச்சி, இது போர்க்கப்பல் அல்லவா என்று அர்த்தம்.

"தன்னவா" என்றேன். தெரியும்.

அவர் என் தண்ணீர்ப் பீப்பாய்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "மே ஒக்கொம துவக்கு."

இதெல்லாம் துவக்கு என்கிறார். துவக்கு என்றால் இரண்டு மொழியிலும் துப்பாக்கிதான். ஒன்பது பீப்பாய்களும் ஒன்பது பீரங்கிகள். பாலம் என்பது கப்டன் நின்று கப்பலைச் செலுத்துகிற மாடம். கொக்கு, பாரம் தூக்கும் கிரேன். பெட்டிப் படத்தில் கப்பலைச் சுற்றித் தண்ணீர் எகிறியதை நான் நீரூற்று என்று நினைத்திருந்தேன். அவை குண்டு விழுகிற இடங்களாம்.

நான் தலையைத் தலையை ஆட்டினேன். வெளியே வந்து கடைப் படியில் உட்கார்ந்து பீரங்கிகளை மறுபடி எண்ணினேன். சமையல் வேலைக்குப் போகிற பிள்ளைக்காக, ஒன்பது பீரங்கி வைத்த கப்பலை அம்மனிடம் கொண்டுபோகப் போகிறேன். போயா என்கிற பௌர்ணமி நாள் பூசைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, போர்க்கப்பலைப் பயணிகள் கப்பலாக மாற்றும் வேலையில் இறங்கினேன். ஒன்பது பீரங்கிக் குழாய்களையும் நகவெட்டியால் நறுக்கினேன். பீரங்கி மேடைகளுக்குப் பேனாவால் ஜன்னல் வரைந்து பயணிகள் அறையாக்கினேன். நிமல் அய்யாவிடம் ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட் வாங்கி மூன்று பூச்சுப் பூசினேன். புகைபோக்கிக்குச் சிவப்பு. கைப்பிடிக் கம்பிகளுக்குத் தங்க நிற நெயில் பொலிஷ், சின்னப் படகுகளுக்கு ரோஸ் நெயில் பொலிஷ். கொடிமரக் கயிற்றுக்கு என் தலைமுடியில் இரண்டு. அந்த நான்கு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மிளகு அளவு படகுக்குத் துடுப்பு வரைந்து முடித்து நிமிர்ந்தபோது, நான் உண்மையிலேயே கப்பல் கட்டுகிறவள் என்று நம்பியே விட்டேன்.

போயா அன்று காலை கோயிலில் நல்ல கூட்டம். ஸ்பீக்கரில் பாட்டு. சரசு அத்தை பட்டுச் சேலையில் நின்றார். தினேஷ் வெள்ளைச் சட்டையில் நின்றான். வியாழக்கிழமை அவன் கொழும்பில் இருக்க வேண்டும். நான் தாம்பாளத்தைக் கொண்டுபோய் வைத்துத் துணியை எடுத்தேன்.

அத்தை தாம்பாளத்தைக் கிட்டே இழுத்தார்.

"இம்புட்டுத்தானா?"

"நெசக் கப்பல்ல எழுநூறுல ஒரு பங்கு அத்தே. கணக்குப்படிதான் செஞ்சிருக்கு." (அந்த விளக்கம் அதற்குள் நிமல் அய்யா மூலம் கிடைத்திருந்தது.)

"அதுல ஏன்டி மயிரு ஒட்டியிருக்கு?"

"அது கயிறு அத்தே."

முருகேசு பூசாரி குனிந்து பார்த்தார். ஆட்டோ, லொறி, ஒரு டிரெக்டர் எல்லாவற்றுக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டவர். கப்பல் அவருக்கும் முதல் தடவை.

"முன்பக்கம் எதும்மா?"

இரண்டு பக்கமும் கூராகத்தான் இருந்தது. ஒரு பக்கத்தைக் காட்டினேன். அவர் நான்கு எலுமிச்சம்பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலைச் சுற்றி வந்தார்.

"சில்லு இல்லியே."

"கப்பலுக்குச் சில்லு இல்லைங்க பூசாரி."

"அது தெரியும்மா. பழத்த எங்கிட்டு வைக்கிறதுன்னுதான் தெரியல."

கடைசியில் கப்பலின் மேல் தளத்திலேயே நான்கு பழத்தையும் வரிசையாக வைத்துத் திருநீறு பூசினார். தீபம் காட்டினார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அத்தைதான், "கப்பல்னா ஒரு தடவையாவது தண்ணியில நிக்கணும்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் அதுதான் நியாயம் என்றார்கள். யாரோ அண்டாவைத் தூக்கி வந்தார்கள். மஞ்சள் நீர் ஊற்றிப் பூப் போட்டார்கள். பூசாரி கப்பலைக் கையில் எடுத்தபிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"மிதக்குமா?"

அந்த மனிதர் எனக்குத் தந்தது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று இப்போது தெரிகிறது.

"மிதக்கும்" என்றேன்.

தண்ணீரில் விட்டார். நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கப்பல் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. பூசாரியும் தன் தலையை இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு தண்ணீரில் விழுந்தன. நான் முன்பக்கம் என்று காட்டிய பக்கம் வானத்தைப் பார்த்து எழும்பியது. இரண்டு குமிழி வந்தது. குலவை நின்றது. கப்பல் அண்டாவின் அடிக்குப் போய், அங்கே மட்டும் மிக நேர்த்தியாக, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. கொக்கு கழன்று மேலே வந்து பூக்களுக்கு நடுவில் மிதந்தது.

நான் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தினேஷ் போக வேணாம்" என்றார் அத்தை.

சத்தம்கூடப் போடவில்லை. வீட்டுக்குப் போனவுடன் மகனின் பாஸ்போட்டை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். மறுநாள் கொழுந்து பறிக்கப் போனபோது அதைப் பொலித்தீனில் சுற்றி, இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் சொருகிக்கொண்டு மலை ஏறினார். தோட்டம் முழுக்க இதே பேச்சு. அம்மனே தடுத்துவிட்டாள் என்றார்கள் சிலர். கப்பலுக்கு வெள்ளை அடித்தது தப்பு என்றார்கள் சிலர். எலுமிச்சம்பழத்தின் பாரம் என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை தினேஷ் கடைக்கு வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

"அக்கா, அது ஏன் முழுகிச்சு?"

மூன்று பதில் வாய் வரைக்கும் வந்தது. ஒன்றில் நீரோட்டம் என்ற சொல்கூட இருந்தது. (அண்டாவில் நீரோட்டம்.) அவன் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதம் தினமும் இதே கடைக்கு வந்து, "மெயில் ஏதும் வந்திச்சா அக்கா?" என்று கேட்ட முகம்.

"எனக்குத் தெரியல தம்பி."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இத அப்பிடியே வந்து அம்மாகிட்ட சொல்றீங்களா?"

அன்று சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்தபிறகு தினேஷோடு அத்தையின் லயத்து வீட்டுக்குப் போனேன். அத்தை அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசற்படியில் நின்றபடி சொன்னேன்.

"அத்தே, எனக்குக் கப்பல் செய்யத் தெரியாது."

அவர் கை நின்றது.

"என்னாடி சொல்ற?"

"தெரியாது அத்தே. முழுக் கப்பலா வரும்னு நெனச்சேன், துண்டு துண்டா வந்திச்சு. எதோட எத ஒட்டுறதுன்னு தெரியாம ஒட்டினேன். அது பயணிகள் கப்பலே இல்ல. போர்க்கப்பல்."

"போர்க்கப்பலா?"

"துவக்கெல்லாம் வெட்டிட்டுத்தான் கொண்டாந்தேன்."

அத்தை இப்போது முழுதாகத் திரும்பிவிட்டார். அதன்பிறகு நடந்தது ஒரு விசாரணை. முன்பக்கம் என்று எதை வைத்துக் காட்டினாய்? தெரியாது. முன்னால் இருக்க வேண்டிய நங்கூரம் பின்னால் இருந்ததாகத் தினேஷ் சொல்கிறானே? நங்கூரம் எது என்றே தெரியாது. பழத்தின் பாரமா? பழம் விழுந்தபிறகும் முழுகியதே, உள்ளே ஓர் இரும்பு வைத்திருக்கிறேன். எதற்கு வைத்தாய்? தெரியாது. வெட்டின துவக்கு இருந்த இடத்தை அடைத்தாயா? இல்லை.

"பெறகு ஏன்டி மிதக்கும்னு சொன்ன?"

"எல்லாரும் என்னையப் பாத்தாங்க அத்தே."

தேத்தண்ணி பொங்கி அடுப்பில் ஊற்றியது. அதை அத்தை கவனிக்கவில்லை.

"அப்ப அம்மன் முழுக வைக்கல."

"இல்ல."

"நீதான் முழுக வச்ச."

"ஆமா அத்தே."

அத்தை படங்கை உதறி, பொலித்தீனைப் பிரித்து, பாஸ்போட்டை மகன் கையில் கொடுத்தார். பிறகு அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பூசாரிகிட்டயும் போய்ச் சொல்லிட்டுப் போ. எலுமிச்சம்பழத்தாலதான்னு அந்த மனுசன் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல."

சொன்னேன். பூசாரி கோயில் மைக்கைக் கையில் கொடுத்து, "இத ஊருக்கும் சொல்லிரும்மா" என்றார். கப்பல் முழுகியதற்கு அம்மனும் காரணம் இல்லை, பழமும் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்று ஸ்பீக்கரில் அறிவித்தேன். அது மலைக்கு அந்தப் பக்கத்து டிவிசன் வரைக்கும் கேட்டதாம். வியாழக்கிழமை தினேஷ் கொழும்பில் இருந்தான்.

அவன் போய் இப்போது நான்கு வருடம். இரண்டு கப்பல் மாறிவிட்டான். நேர்த்திக்கடன் நிறைவேறிவிட்டதா என்று யாராவது கேட்டால், "கொண்டாந்து வைக்கிறேன்னுதான் சொன்னேன், மிதக்கும்னு நான் சொல்லலியே" என்பார் அத்தை. கப்பலைப் பூசாரி வெயிலில் காயவைத்துக் கோயில் அலுமாரியில் வைத்திருக்கிறார். அது என்ன என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு என்ன சொல்வதென்று அவருக்கு இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு மிச்சமானது ஒரு கேள்வி. வீட்டில் நான் ரொட்டி சுட்டு வைத்தால், "மிதக்குமா?" என்பார் அப்பா. கடையில் ஃபோர்ம் நிரப்பிக் கொடுத்தால் தோட்டத்து ஆட்கள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிதக்குமா?" என்பார்கள். ஏன் கேட்கிறோம் என்று தெரியாத சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நிவித்திகலக்காரர். எங்கள் தோட்டத்துச் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. தாலி கட்டி முடிந்து, குலவை ஓய்ந்து, மண்டபம் கொஞ்சம் அமைதியான நேரத்தில், பின்வரிசையிலிருந்து சரசு அத்தையின் குரல் கேட்டது.

"மிதக்குமா?"

மண்டபத்தில் அத்தனை பேரும் மேடையைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். யாரோ பெரியவர்கள் மரியாதைக்கு ஏதோ கேட்கிறார்கள், பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். கழுத்து மாலையைச் சரி செய்துகொண்டு, எழுந்து நின்று, கணீரென்று சொன்னார்.

"மிதக்கும்ங்க."